ஏழாம் அத்தியாயம்: பாதிப் பண்டிகை வேண்டாம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் மணந்துகொண்ட குடும்பங்கள் இன்று புதுமையல்ல. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் ‘சிண்டியன்’ என்று ஊரே ஒரு பெயரும் வைத்துவிட்டது. பெயர் வைத்த ஊர், அந்த வீட்டில் தீபாவளியையும் சீனப் புத்தாண்டையும் எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லித் தரவில்லை. அதனால் முதல் சில வருடங்கள் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாதிரிதான் போகின்றன. யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார்கள். தீபாவளிக்கு முறுக்கு உண்டு, எண்ணெய்க் குளியல் கிடையாது. சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்த அங்பாவ் உறை உண்டு, மூத்தோர் படையல் கிடையாது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்த இல்ல உபசரிப்பு. மேசையின் ஒரு கோடியில் மாண்டரின் ஆரஞ்சு, மறுகோடியில் அதிரசம். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் பலகாரமும் காசும்தான் பண்டிகை என்று சொல்லும்.

இந்த நூல் சொல்லும் வழி வேறு. வருடத்தில் நான்கு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அம்மா பக்கத்து நாட்கள், இரண்டு அப்பா பக்கத்து நாட்கள். அந்த நான்கையும் அந்தந்தப் பக்கத்துப் பாட்டி எப்படிச் செய்வாரோ அப்படியே, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்யுங்கள். மற்ற நாட்களுக்குக் கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். எல்லாவற்றையும் கொண்டாடப் புறப்பட்டவர்கள் மூன்றாவது வருடமே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் அந்த நான்கு: தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு, செங் பெங். கடைசியாகச் சொன்னது கல்லறைக்குப் போகும் நாள். அதைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ஏன் சேர்க்க வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி

டிசம்பரிலேயே இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார வேண்டும். பொங்கல் சூரியக் கணக்கு. ஜனவரி 14 அல்லது 15. செங் பெங்கும் சூரியக் கணக்குதான். ஏப்ரல் 4 அல்லது 5. இவை இரண்டும் இடம் மாறாது. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எங்காவது விழும். தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வரும்.

கவனிக்க வேண்டிய இடம் தைப்பூசம். சீனப் புத்தாண்டு பதினைந்து நாள் கொண்டாட்டம். பதினைந்தாம் நாள் பௌர்ணமி, ‘சாப் கோ மே’. தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டியதே. ஆகவே சீனப் புத்தாண்டு ஜனவரியிலேயே பிறந்துவிட்டால், தைப்பூசம் பெரும்பாலும் அந்தப் பதினைந்து நாளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2023-இல் தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒரே நாளில், பிப்ரவரி 5 அன்று வந்தன. 2025-இல் ஜனவரி 29 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசம். பிப்ரவரியில் பிறக்கும் வருடங்களில் இந்தச் சிக்கல் கிடையாது. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1 அன்றே முடிந்து, புத்தாண்டு 17 அன்று வந்தது.

இதில் என்ன சிக்கல்? வீட்டில் யாராவது காவடிக்கோ பால்குடத்துக்கோ விரதம் இருந்தால், புத்தாண்டுக்கு முந்தின இரவு பன்றிக்கறியும் வாத்தும் மீனும் நிரம்பிய ஒன்றுகூடல் விருந்து அந்த விரதத்தின் நடுவில் வரும். விரதக்காரர் வரவில்லை என்று சொல்வது தப்பு. வந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பது அதைவிடத் தப்பு. மாமியாரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்; அவருக்கு இது புரியாத விஷயமே அல்ல. புத்தாண்டின் முதல் நாள் காலையில் சைவம் மட்டுமே சாப்பிடும் சீனக் குடும்பங்கள் ஏராளம். அதற்கென்றே காளான், முட்டைக்கோஸ், கண்ணாடி நூடுல்ஸ், சோயாப்பால் ஏடு எல்லாம் போட்டு ‘சாய்’ என்று ஒரு கூட்டு சமைப்பார்கள். முதல் நாளுக்குச் செய்வதை முந்தின இரவே ஒரு சட்டி செய்யச் சொன்னால் முடிந்தது. மாவில் செய்த ‘சைவக் கோழி’, ‘சைவ வாத்து’ வகைகளில் சிலவற்றில் முட்டை இருக்கும். பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்.

புரட்டாசியிலும் இதே போல ஒரு சந்திப்பு உண்டு. சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள். பெரும்பாலான வருடங்களில் அது நவராத்திரியோடு சேர்ந்தே தொடங்கும். 2023-இல் இரண்டும் அக்டோபர் 15, 2024-இல் இரண்டும் அக்டோபர் 3. வெள்ளை உடுத்தி, சைவம் சாப்பிட்டு, கடைகளில் மஞ்சள் கொடி கட்டியிருப்பார்கள். 2025-இல் சீன நாள்காட்டியில் ஓர் அதிக மாதம் வந்ததால் விழா தள்ளிப்போய் அக்டோபர் 21 அன்று, அதாவது தீபாவளிக்கு மறுநாள் தொடங்கியது. தீபாவளி ஆட்டுக்கறி மிச்சத்தோடு மாமியார் வீட்டுக்குப் போனவர்களுக்கு அன்று என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாள் நோன்பில் இருப்பவர்களுக்கு வெங்காயமும் பூண்டும்கூட ஆகாது. நாம் ‘சுத்த சைவம்’ என்று நம்பி எடுத்துப்போகும் சாம்பாரை அவர்கள் தொட மாட்டார்கள். சுண்டலில் தேங்காயும் மாங்காயும் போட்டுத் தாளித்துக் கொண்டுபோங்கள்.

எந்த இரவு எந்த வீடு

இதில்தான் சண்டை வரும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மரபைச் சரியாகக் கேட்டுக்கொண்டால் சண்டைக்கு அவ்வளவு இடமில்லை. சீன வழக்கப்படி புத்தாண்டுக்கு முந்தின இரவு ஒன்றுகூடல் விருந்து கணவன் வீட்டில். மணமான மகள் தாய்வீட்டுக்கு வருவது இரண்டாம் நாள். தமிழ் வழக்கில் தலைதீபாவளி பெண் வீட்டில். ஆகவே கணவர் சீனர், மனைவி தமிழர் என்றால் மோதலே இல்லை. சீனப் புத்தாண்டு இரவு அவர் வீட்டில், தலைதீபாவளி இவர் வீட்டில்.

கணவர் தமிழர், மனைவி சீனர் என்றால் கொஞ்சம் பேச வேண்டும். ஒன்றுகூடல் விருந்துக்கு அந்தப் பெண் போக வேண்டிய ‘கணவன் வீட்டில்’ அன்று விருந்தே கிடையாது. அவர் எங்கே உட்காருவார்? மணமான மகள் அந்த இரவு தாய்வீட்டில் சாப்பிடக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகள் மருமகனோடு வந்தால் சரி என்று விட்டுவிடும் வீடுகளும் பல. கேட்காமல் போய் நிற்காதீர்கள். பெண்ணின் அம்மாவிடம் மருமகனே நேரில் கேட்பது நல்லது. முடியாது என்று வந்தால், தமிழ்க் கணவரின் வீட்டிலேயே அந்த இரவு ஒரு மேசை போட்டு, அவருடைய பெற்றோரையும் உட்காரவைத்து, மனைவி தன் வீட்டுச் சாப்பாட்டைச் சமைக்கட்டும். மீன் முழுசாக இருக்க வேண்டும், தலை வாலோடு. கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும். மகன் வீட்டில் நடக்கும் ஒன்றுகூடல் விருந்துக்குத் தமிழ் மாமியார் ரசம் கொண்டுவந்தால் தடுக்காதீர்கள்.

விடியற்காலை

இரண்டு பண்டிகைகளும் நேர் எதிராகப் போகும் இடம் இது. தீபாவளி, தலையில் நல்லெண்ணெய் வைத்துக் குளித்த பிறகே தொடங்கும். சீனப் புத்தாண்டின் முதல் நாளில் தலைக்குக் குளிக்கக் கூடாது. அதிர்ஷ்டம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. பிள்ளைக்கு இதை முந்தின நாளே சொல்லிவையுங்கள். ஒரு வீட்டில் கட்டாயம், மற்ற வீட்டில் கூடவே கூடாது என்பது குழந்தைகளுக்குப் பெரியவர்களுக்கு இருப்பது போலக் குழப்பமாக இருப்பதில்லை. பள்ளிக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி என்று பழகியவர்கள்தானே.

துடைப்பமும் அப்படியே. காலையில் வாசல் பெருக்கித் தெளித்துக் கோலம் போடாவிட்டால் தமிழ்ப் பெண்ணுக்குப் பொழுது விடியாது. சீனப் புத்தாண்டின் முதல் நாளிலோ துடைப்பத்தைக் கையில் எடுப்பதே ஆகாது, வந்த செல்வத்தைப் பெருக்கித் தள்ளுவதாக அர்த்தம். மருமகள் விவரம் தெரியாமல் காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு வாசலுக்குப் போனால் மாமியார் அலறுவார். நம் வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்போம் அல்லவா, அந்தக் கணக்குதான் இதுவும். முந்தின நாள் மாலைக்குள் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, கோலத்தையும் இரவே போட்டுவிடுங்கள். குப்பைத் தொட்டியை நள்ளிரவுக்குள் காலி செய்து, துடைப்பத்தைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை, அது மாப்பிள்ளைகளுக்கு. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் நமக்கு மங்கலம். சீனர் வீட்டில் புத்தாண்டு அன்று அது துக்க உடை. சிவப்போ பொன்னிறமோ உடுத்துங்கள். கறுப்பு இரண்டு வீட்டுக்குமே வேண்டாம். இரண்டு பண்டிகைக்கும் தனித்தனியாகப் புத்தாடை எடுங்கள். இந்த ஒரு செலவில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சாப்பாடு

மாட்டுக்கறிதான் முதல் கேள்வியாக வரும். குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனக் குடும்பங்கள் பல மாட்டுக்கறி தொடுவதில்லை, எனவே பாதி வீடுகளில் இந்தப் பேச்சே எழாது. எழுந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பன்றிக்கறியைப் பொறுத்தவரை சாப்பிடும் தமிழரும் உண்டு, சாப்பிடாதவரும் உண்டு. தமிழ்த் தாத்தா வருகிறார் என்றால் பன்றிக்கறிக் கரண்டியை வேறு சட்டியில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதற்காக விருந்தையே மாற்றி அமைக்கச் சொல்லாதீர்கள்.

‘ஈ சாங்’ பற்றி ஒரு வார்த்தை. துருவிய காய்களையும் பச்சை மீனையும் வட்டமாக நின்று குச்சியால் உயரத் தூக்கிக் கலக்கும் அந்த உணவு, மலேசிய, சிங்கப்பூர்ச் சீனர்களுக்கே உரியது. எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு வளம். பச்சை மீன் பிடிக்காதவர்கள் மீன் போடுவதற்கு முன்பே ஒரு தட்டில் தமக்கு எடுத்துக்கொள்ளலாம், சைவக்காரர்களுக்குத் தனித் தட்டே வைக்கலாம். ஆனால் எல்லோரும் எழுந்து நின்று கலக்கும்போது நீங்களும் எழுந்து நிற்க வேண்டும். தமிழ்ப் பாட்டியின் கையிலும் ஒரு ஜோடி குச்சியைக் கொடுங்கள். மேசையில் சிந்துவது பற்றிக் கவலை வேண்டாம், சிந்துவதுதான் வழக்கம்.

சீன வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு மாண்டரின் ஆரஞ்சு போதும். இரு கையாலும் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அவர்கள் இரண்டு ஆரஞ்சைத் திருப்பித் தருவார்கள். வேண்டாம் என்று மறுக்கக் கூடாது. பலகாரம் வந்த பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பி அனுப்புவோமா? தீபாவளி முறுக்கு போன டப்பாவும் இப்படித்தான் திரும்பி வரும். சிவப்பு மூடி போட்ட அந்த உயரமான பிளாஸ்டிக் டப்பாவில் நவம்பரில் முறுக்கு போகும். பிப்ரவரியில் அதே டப்பா அன்னாசி பிஸ்கட்டோடு வந்து சேரும். மூடியில் ஒட்டிய செலோ டேப்பைப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

உறையில் எவ்வளவு

இதைத் தப்பாகச் செய்தால் சாதாரணத் தப்பல்ல, ஆகவே நிதானமாகப் படியுங்கள். நம் மொய்யில் ஒற்றைப்படைதான் மரியாதை: 51, 101, 501. முழுத்தொகையோடு நின்றுவிடக் கூடாது, மேலே ஒன்று வளர வேண்டும் என்பது நம் எண்ணம். சீனர்களுக்கு நல்ல காரியத்தில் இரட்டைப்படைதான் வேண்டும். நான்கு மட்டும் ஆகாது, எட்டு மிக நல்லது. ஒற்றைப்படைத் தொகையைச் சாவு வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள். புத்தாண்டு அங்பாவில் 101 வெள்ளி வைத்துக் கொடுக்கும் மாமா, அன்பாகத்தான் கொடுக்கிறார். வாங்கும் பாட்டிக்கு நெஞ்சு பதறும்.

உறையின் நிறத்தைப் பார்த்துத் தொகை வையுங்கள். சிவப்பு உறையில் இரட்டைப்படை. தீபாவளிக்கு வரும் ஊதா, மஞ்சள் உறைகளில் நம் வழக்கம். புதுத் தாளாக இருக்கட்டும். பெருநாள் சமயத்தில் வங்கிகளில் மாற்றித் தருவார்கள். இன்னொரு வித்தியாசம்: சீன வழக்கில் மணமானவர்கள் தருவார்கள், மணமாகாதவர்கள் நாற்பது வயதானாலும் வாங்குவார்கள். திருமணமாகாத சித்தப்பாவுக்கு, முந்தின வருடம் கல்யாணமான அண்ணன் மகள் உறை நீட்டும்போது தமிழ்ப் பக்கத்தில் சிரிப்பு வரும். சித்தப்பா வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கொடுத்தவர் முன்னால் உறையைப் பிரிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள்.

இறந்தவர்களின் நாள்

இரண்டு மரபும் உண்மையில் சந்திக்கும் இடம் சமையலறை என்று பலர் எழுதுகிறார்கள். படையல் என்பேன் நான். மலேசியத் தமிழர் பல வீடுகளில் தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மூத்தோருக்குப் படைக்கிறார்கள். மாலை போட்ட படத்தின் முன் வாழையிலை விரித்து, போனவருக்கு என்ன பிடிக்குமோ அதெல்லாம் வைப்பார்கள்: ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி, அவித்த முட்டை, தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவாக இருந்தால் ஒரு போத்தல் பீர், சுருட்டு. சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் சீன வீட்டில் நடப்பதும் இதுவே. கோழி, பன்றிக்கறி, மீன், சோற்றுக் கிண்ணங்கள், குச்சிகள், சின்னக் கோப்பைகளில் தேநீரும் மதுவும். தெய்வத்துக்கு அல்ல, தாத்தாவுக்கு.

அவர் சாப்பிட்டு முடித்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் காகத்துக்கு வைத்துக் காத்திருப்போம். பினாங்கு, கிள்ளான் பக்கத்து ஹொக்கியன் வீடுகளில் இரண்டு காசைச் சுண்டிப் போடுவார்கள், அல்லது பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகளை. ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் ‘ஆகட்டும்’ என்று அர்த்தம். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இன்னும் சாப்பிடுகிறார், கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கும் சடங்கு இது. அன்று பட்டாசைவிட இதுதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

செங் பெங்கை அந்த நான்கில் சேர்க்கச் சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. ஏப்ரல் 4, 5 என்றாலும், அதற்குப் பத்து நாள் முன்னும் பின்னும் போகலாம் என்பது வழக்கம். கல்லறையில் புல் செதுக்கி, மங்கிய எழுத்துக்குப் பெயின்ட் தொட்டு, பழமும் சோறும் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, காகிதப் பணம் எரித்து வருவார்கள். வேலை நிறைய, அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எழுத்துக்குப் பெயின்ட் பூசும் தூரிகையைப் பிள்ளை கையில் கொடுத்தால், தன் சீனக் குடும்பப் பெயரை அது முதன்முதலில் நிதானமாக எழுதுவது அங்கேதான். கர்ப்பிணிகள் போக வேண்டாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சொல்வார்கள். திரும்பி வந்ததும் சீனப் பாட்டி பம்ப்ளிமாஸ் இலை போட்ட தண்ணீரால் முகம் கை கழுவச் சொல்வார். தமிழ்ப் பாட்டி தலைக்குக் குளிக்காமல் உள்ளே விட மாட்டார். குளிக்கிற வாளியிலேயே இலையைப் போட்டுவிடுங்கள், இரண்டு பேருக்கும் திருப்தி.

குடும்பத்தில் ஒரு பக்கம் கிறித்துவர்களாக இருந்தால் ஊதுவத்தி பிடிக்க மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். புல் செதுக்குவதற்கு மதம் கிடையாது.

அந்த வருடத்தில் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்திருந்தால்? நம்மவர்கள் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது என்பார்கள். சீனர் வீட்டிலும் துக்கம் காப்பவர்கள் புத்தாண்டுக்குப் பிறர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். நூறு நாள் என்பவரும் உண்டு, ஒரு வருடம் என்பவரும் உண்டு. தமிழ்த் தாத்தா இறந்திருந்தால், சீனப் பாட்டி வீட்டு விருந்துக்கு நீங்கள் போவது அவருக்கு அபசகுனமாகத் தோன்றக்கூடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்க வேண்டும். “அம்மா, எங்க வீட்டுல இந்த வருஷம் துக்கம். நாங்க வரலாமா, இல்ல பதினைஞ்சு நாள் கழிச்சு வரட்டுமா?” என்று மாமியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பச் சொன்னால் அனுப்பிவையுங்கள், அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முறை சொல்லிக் கூப்பிடுவது

ஒன்றுகூடல் விருந்தில் பெரியவர்களை ஒவ்வொருவராக முறை சொல்லி அழைத்துவிட்டுத்தான் சின்னவர்கள் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். கோலாலம்பூர், ஈப்போ பக்கத்துக் கேன்டனீஸ் அம்மா வீடென்றால் “கோங் கோங், சிக் ஃபான்”, “போ போ, சிக் ஃபான்” என்று அம்மாவின் பெற்றோரிலிருந்து தொடங்கி வரிசையாக வரும். மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு தடவை. தப்பினால் எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் சொல்லாமல் சாப்பிட ஆரம்பித்தால் சிரிக்க மாட்டார்கள்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது கடினமே அல்ல. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லில் முடிவதை நாம் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரிக்கிறோம். ஹொக்கியனிலும் அதே மூன்று: அப்பாவின் அண்ணன் ஆ பெக், தம்பி ஆ செக், அம்மாவின் சகோதரர் ஆ கூ. தாய்மாமனுக்கு அங்கேயும் தனி மரியாதை உண்டு. பிள்ளை தமிழில் யார் யாருக்கு என்ன முறை என்று சரியாகச் சொல்லக் கற்றிருந்தால், அந்தப் பெட்டிகளிலேயே சீனச் சொற்களைப் போட்டுக்கொள்ளும். இரு பக்கத்து உறவினர் படங்களையும் ஒரே தாளில் ஒட்டி, ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளை கூப்பிட வேண்டிய சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பள்ளியில் கற்கும் மாண்டரின் வேறு, பாட்டி பேசும் பாஷை வேறு. பாட்டியின் பாஷையில் வாழ்த்து சொல்லக் கற்றுக்கொடுங்கள். தமிழ்ப் பாட்டியின் காலில் விழுவதும், சீனப் பாட்டிக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுப்பதும் பிள்ளைக்கு ஒன்றாகவே பழகிவிடும்.

கலப்பு எப்போது வரும்

அப்படியானால் இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாதா? கலக்கும், நாம் திட்டம் போட்டுக் கலக்க வேண்டியதில்லை. மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தானகக் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. சைவ சமயத்தை மட்டும் விடவில்லை. 1781-இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் மலாக்கா நகரில் இன்றும் இருக்கிறது. காஜா பெராங்கில் அவர்களுடைய கம்பமும் இருக்கிறது. போகி நாளில் அவர்கள் முன்னோருக்குப் படைப்பதன் பெயர் ‘பார்ச்சு’. வாழையிலை விரிக்கிறார்கள். இலையில் வைப்பதில் தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் மலாய்ப் பலகாரங்களும் உண்டு. இலையும் நாளும் கும்பிடும் முறையும் ஒரு பக்கத்திலிருந்து முழுசாக வந்தன. சமையல் பாட்டிகள் கைவழி வந்தது. ஐந்நூறு வருடத்தில் தானாக நடந்ததை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்துவிடப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

கரும்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹொக்கியன் மக்கள் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் வான்தெய்வத்துக்குப் படைக்கும்போது, தோகையோடு இரண்டு கரும்பை மேசையின் இரு பக்கமும் கட்டுவார்கள். பகைவரிடமிருந்து தப்பிக் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் பிழைத்த கதை அதற்கு உண்டு. ஜார்ஜ் டவுனின் சியூ ஜெட்டியில் அந்த இரவைப் பார்க்க வேண்டும். பொங்கல் கரும்பைக் கடித்த சில வாரங்களில் பிள்ளை இதையும் பார்த்தால், இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நீங்கள் விளக்கம் சொல்லி அதைக் கெடுக்காதீர்கள்.

‘நீ என்ன இனம்?’

திறந்த இல்ல உபசரிப்பில் யாராவது ஒருவர் பிள்ளையைக் கேட்டே தீருவார். பாரங்களும் கேட்கும். தீபகற்ப மலேசியாவில் பொதுவாகத் தகப்பனின் இனமே பிள்ளைக்குப் பதிவாகும்; சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டையும் கோடிட்டு எழுதலாம், முதலில் வருவது அரசுக் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்ளப்படும். பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் அப்படி என்பதைப் பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவருக்குச் சொல்ல ஒரு பதிலும் தயாராக இருக்கட்டும்: “அப்பா ஹொக்கியன், அம்மா தமிழ்.” ‘பாதி’ என்ற சொல் அதில் வர வேண்டாம். நிறத்தை வைத்துக் கேலி பேசும் உறவினர் இரு பக்கமும் இருப்பார்கள். அவரை அந்தப் பக்கத்துப் பெற்றோரே அழைத்துப் பேச வேண்டும், மருமகனோ மருமகளோ அல்ல.

பிள்ளைகளுக்கு வேலை

வேலை கொடுக்காத பிள்ளைக்குப் பண்டிகை ஒட்டாது. ஐந்து வயதில் ஆரஞ்சு கொடுக்கலாம், விளக்குக்குத் திரி போடலாம், டிசம்பர் 21 அல்லது 22 அன்று சீனப் பாட்டியோடு தாங் யுவான் என்னும் மாவு உருண்டை உருட்டலாம். பால் கொழுக்கட்டை உருட்டிப் பழகிய கைக்கு அது புதிதல்ல. பத்து வயதில் படையலுக்கு இலை போடவும் காசு சுண்டவும் விடுங்கள். பதினைந்து வயதில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு பண்டத்தைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிடுங்கள்: அந்தப் பாட்டியின் அதிரசம், இந்தப் பாட்டியின் அன்னாசி பிஸ்கட்.

செய்முறை கேட்டால் இரண்டு பாட்டிகளும் ஒரே பதில்தான் சொல்வார்கள், கண்ணளவு என்று. எனவே கேட்க வேண்டாம். சமையலறைத் தராசை எடுத்துப்போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பாட்டி கைநிறைய மாவு அள்ளும்போது, சட்டியில் போடுவதற்கு முன் தராசில் வைத்து வாங்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்லப் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் நொடியைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். அந்தப் பதத்தை எழுத்தில் எழுத முடியாது. பாட்டி “தள்ளி நில்லு” என்று திட்டுவார். தள்ளி நிற்க வேண்டாம்.